கொவிட் காலத்தில் நால்வர் குழு: ஜாமுலஸ், முகக்கவசம், ஓராண்டு அனுபவம்

இணையம் வழியே சேர்ந்து வாசிக்க உதவும் ஜாமுலஸ் என்ற இலவச மென்பொருளைக் கொவிட் காலம் முழுக்க விடாமல் பயன்படுத்தியதில் எனக்குத் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒத்திகைக்கு அது போதும், கச்சேரிக்குப் போதாது.

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, இதுதான் எங்கள் குழு. நாலு பேருக்கும் வேறு வேலை உண்டு, இது ஆசைக்கு வாசிப்பது. வயோலா நான். நால்வருமே தமிழர்கள் என்பதால் மேற்கத்திய இசையமைப்பாளர் ஹைடனை வாசித்தாலும் சுருதி, தாளம் என்றுதான் பேசிக்கொள்வோம். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரில் சர்க்கியூட் பிரேக்கர் என்ற முடக்கநிலை தொடங்கியபோது உட்லண்ட்ஸ், பொங்கோல், பிடோக், ஜூரோங் என்று ஆளுக்கொரு மூலையில் இருந்தோம்.

முதலில் எல்லோரையும் போலக் காணொளிக் கூட்டச் செயலியில்தான் முயன்றோம். அதெல்லாம் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. நீண்டு ஒலிக்கும் ஒரு சுரத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்தினாலும் தாமதம் அப்படியே இருக்கும். பேசித் திட்டமிட நல்லது, சேர்ந்து வாசிக்க வேண்டாம்.

அப்புறம்தான் ஜாமுலஸ். இதில் நாங்கள் புரிந்துகொண்ட முக்கியமான விஷயம், சிங்கப்பூரில் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை என்பது. தீவின் கிழக்கிலிருந்து மேற்குக்கு 50 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் கண்ணாடி இழையில் ஒளி அதைக் கால் மில்லி வினாடியில் கடந்துவிடும். தாமதம் முழுக்க நம் வீட்டுக்குள்தான் உண்டாகிறது: வைஃபை, புளூடூத் ஹெட்போன், கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபர். "தம்பி, முதல்ல அந்த வைஃபைய அணை, கம்பிய மாட்டு" என்று செல்லோ அக்கா என்னிடம் சொல்லாத வாரம் இல்லை. அவர் சொன்னது சரிதான். லேன் கம்பி, கம்பி வைத்த ஹெட்போன், கருவியின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் சுமாரான ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், பஃபரை 128 மாதிரிகளுக்கு (சாம்பிள்) இறக்குவது, விண்டோஸ் என்றால் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர், இவ்வளவும் செய்த பிறகு மொத்தத் தாமதம் 30 மில்லி வினாடிக்குப் பக்கத்தில் வந்தது. ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி வினாடி ஆகும் என்பதால், பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பதற்கு இது சமம். கஷ்டம்தான், ஆனால் முடியும்.

இந்த அளவு தாமதத்தில் வேகம் தானாகக் குறையும், ஏனென்றால் ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் கொஞ்சம் காத்திருக்கிறோம், அந்தக் காத்திருப்பு சுற்றிச் சுற்றி வந்து கூடிக்கொண்டே போகிறது. செல்லோவைத் தாளத்துக்குத் தலைமையாக்கி, "எனக்காக யாரும் நிக்காதீங்க, நானும் நிக்க மாட்டேன்" என்று அக்கா சொன்ன பிறகு ஹைடனின் ஓபஸ் 33 (ஓபஸ் என்பது படைப்பின் எண்) ஓரளவு ஓடியது. இன்னொன்று, உங்கள் கருவியின் ஒலியையும், எல்லோர் ஒலியையும் கலந்து அனுப்பும் சர்வரிலிருந்து திரும்பி வருவதையே கேட்டு வாசிக்க வேண்டும். சில வாரங்கள் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

ஆளாளுக்குத் தனியாக, காதில் மெட்ரோனோம் ஓட, பதிவு செய்து ஒட்டிய காணொளிகளைப் பற்றி: செய்தோம், இனி செய்ய மாட்டேன். தாளம் கச்சிதமாக இருந்தது, அதில் நாங்கள் யாருமே இல்லை.

ஜூன் 19இல் கட்டுப்பாட்டுத் தளர்வின் இரண்டாம் கட்டம் வந்து வீட்டுக்கு ஐந்து விருந்தினர் வரலாம் என்றதும் நால்வர் குழுவாக இருப்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று புரிந்தது. பெரிய வாத்தியக் குழுக்களில் இருந்த நண்பர்களுக்கு அந்த வழி இல்லை. புல்லாங்குழல்காரர்களுக்கு முகக்கவசம் போட்டு வாசிக்கவே முடியாது, எங்களால் முடிந்தது. ஆனால் நால்வர் குழுவில் ஒரு பகுதி தொடங்குவதே முதல் வயலின் இழுக்கும் மூச்சில்தான். கவசம் அதை மறைத்துவிட்டது. ஒரு மீட்டர் இடைவெளி வேறு. வில் பிடித்த கையையும் கண்களையும் பார்த்தே தொடங்கப் பழகினோம், அந்தப் பழக்கத்தால் இன்றைக்கும் எங்கள் தொடக்கங்கள் முன்பைவிடத் தெளிவாக இருக்கின்றன.

காற்றோட்டத்துக்காக ஜன்னலைத் திறந்து வைத்தால் நம் ஊர் ஈரப்பதத்தில் வில்லின் முடி தளரும், விலங்குக் குடலில் செய்த தந்திகளில் சுருதி நிலைக்காது. செயற்கை இழைத் தந்திக்கு மாறினேன், நிம்மதி. கிருமிநாசினி தடவிய கையோடு வயலினைத் தொடவே வேண்டாம், ஆல்கஹால் வார்னிஷைக் கரைத்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவுவதே நல்லது. வீவக அடுக்குமாடி வீட்டில் செல்லோ வாசிப்பவர்கள் அதைத் தரையில் ஊன்றும் ஊசிக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள், எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த அந்த மாதங்களில் கீழ்வீட்டுக்காரரோடு சண்டை வராமல் காத்தது அதுதான்.

2020 செப்டம்பரில் 50 பேர் வரை அனுமதித்துச் சோதனை முறையில் நேரடி நிகழ்ச்சிகள் தொடங்கின. எங்கள் முறை அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு சிறிய அரங்கில் வந்தது. இடைவெளி விட்டு அமர்ந்ததால் பாதி இருக்கைகள் காலி. ஒலியை உறிஞ்ச ஆட்கள் குறைவு என்பதால் எதிரொலி நீண்டது, வேகமான பகுதிகளைச் சற்று மெதுவாக வாசிக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த எதிரொலியே பேத்தோவனின் ஓபஸ் 132இன் மூன்றாம் பகுதிக்கு வாய்ப்பாக அமைந்தது. 1825இல் கடும் நோயிலிருந்து மீண்டவர் கடவுளுக்கு நன்றி சொல்லி எழுதியது, லிடியன் என்ற பழைய சுர வரிசை முறையில், அதாவது நமக்குக் கல்யாணி ராகத்தின் சுரங்கள். ஜாமுலஸில் இதை மாதக்கணக்கில் முயன்றும் வரவில்லை. அந்த நீண்ட சுரங்களில் சுருதி ஒன்றோடொன்று கலப்பதை ஒரே அறையின் காற்றில்தான் கேட்க முடிகிறது. கல்யாணியின் மத்யமமான பிரதி மத்யமம் நால்வருக்கும் ஒரே இடத்தில் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

2021 மே 16இல் கூடுவோர் எண்ணிக்கை இரண்டாகக் குறைந்ததும் மறுபடி கம்பிகளை மாட்டினோம், இந்த முறை எல்லாம் தயாராக இருந்தது.

சென்னையில் இருக்கும் குருவோடு இப்படிச் சேர்ந்து வாசிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர், நேர்கோட்டில் இழை போட்டாலும் ஒளி ஒருவழி போகவே 15 மில்லி வினாடி ஆகும், உண்மையான வழி அதைவிட நீளம், அதோடு இரு பக்கக் கருவிகளின் தாமதமும் சேரும். அவர் வாசிக்க நீங்கள் கேட்டு, பிறகு நீங்கள் வாசிக்க அவர் திருத்தும் பாடம் என்றால் தாராளமாகச் செய்யலாம், அதற்கு ஜாமுலஸ் தேவையே இல்லை.