பத்மினியில் அந்த பிளாஸ்டிக் ஃபில்டர்: இரண்டு கோடைக்குப் பிறகு

ஆதம்பாக்கத்தில் இருக்கும் நண்பர் போன வாரம் ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினார். மறுநாளே போன். "உன் பத்மினியில போட்டிருந்தியே, உள்ள பெட்ரோல் ஓடறது தெரியுமே, அந்த ஃபில்டர் எப்படி? போடலாமா?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் ஆகியும் முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 1986 மாடல் பிரீமியர் பத்மினி. அப்பா வாங்கிய வண்டி. 1089 சிசி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்க இஞ்சினே ஓட்டும் மெக்கானிக்கல் பம்ப். இதைப் படிக்க வருகிறவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் இருந்த ஏற்பாடு இது: பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு ஃபில்டர், அதற்கு வரும் ரப்பர் ஹோஸ் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, அதாவது இஞ்சினின் சூடான புகை வெளியேறும் குழாயை, ஒட்டினாற்போல. பார்க்க நேராக, துப்புரவாக இருக்கும். பெட்ரோலுக்கு மட்டும் அது வெந்நீர் அடுப்பு. பெட்ரோலில் இருக்கிற லேசான சமாச்சாரங்கள் 40 டிகிரி பக்கமே கொதிக்க ஆரம்பித்துவிடும். கத்திரி வெயிலில் பானட்டுக்குள் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கொதித்து ஆவியானால் பம்பால் இழுக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் தொந்தரவு இல்லை. தி. நகரில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருகினால் செல்ஃப் சுற்றும், இஞ்சின் பிடிக்காது. ஒருமுறை கோடம்பாக்கம் மேம்பாலம் ஏறும்போது பாதியில் நின்றது. பின்னால் பஸ் ஹாரன். கீழே கரும்பு ஜூஸ் வண்டிக்காரர் ஒரு கை ஐஸ் கொடுத்தார். துண்டில் சுற்றி பம்பின் மேல் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது.

புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, ஃபில்டரை விட்டுவிட்டு ஹோஸைத்தான் முதலில் திட்டினார். டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாய் முடியும் இடத்திலிருந்து ஹோஸை ஃபெண்டர் ஓரமாகக் கொண்டுபோய், ஃபில்டரை பம்புக்கு முன்னால் மாற்றினார். படுக்க வைக்காமல் நிமிர்த்தி, வெளியேறும் முனை மேலே இருக்கும்படி, அம்புக்குறி பம்பைப் பார்க்கும்படி. ஹோஸ் நகராமல் பிடிக்க ரப்பர் வைத்த பி-கிளிப் இரண்டு. மேனிஃபோல்டுக்கும் ஹோஸுக்கும் நடுவில் என் முழு உள்ளங்கை போகும். வேலை நாற்பது நிமிடம். ஃபில்டர் விலை 80 ரூபாய்.

பம்புக்கு முன்னால் வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்க வேண்டாம். அது இழுக்கும் பக்கம். கிளிப் சரியில்லை என்றால் பெட்ரோல் ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஒழுகலை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. பல் வெட்டிய சாதாரண ஹோஸ் கிளிப் சின்ன ஹோஸைக் கடித்துவிடும். விளிம்பு மடித்த, உள்பக்கம் வழவழப்பான கிளிப் வாங்குங்கள்.

சரி, ஃபில்டருக்கு வருகிறேன். இரண்டு கோடையில் வண்டி ஒருமுறைகூட வழியில் நிற்கவில்லை. டேங்கின் துரு அதன் அடியில் செங்கல்பொடி மாதிரி படிந்தது, கார்புரேட்டருக்குப் போகவில்லை. 80 ரூபாய்க்கு இதற்கு மேல் யாரும் கேட்க முடியாது.

ஆனால் அது பாதிதான் நிறையும். முழுசாக நிறையவே நிறையாது. மேலே ஒரு காற்றுக்குமிழி, கீழே பெட்ரோல். முதல் வாரம் பம்பின் கை லீவரை அடித்து அடித்து நிரப்பப் பார்த்தேன். ஒரு சுற்று போய்விட்டு வந்தால் திரும்பவும் பாதி. மெக்கானிக்குக்கு போட்டோ அனுப்பினேன். "பாதி நிக்குதுன்னா நிக்கட்டும் சார். வண்டி ஓடுதா, இல்லையா?" ஓடுகிறது. பம்ப் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும், குமிழி இருப்பது சகஜம். தெரியும். தெரிந்தும் தினமும் காலையில் பானட்டைத் திறந்தேன். "சாமிக்கு விளக்கேத்தற மாதிரி தெறக்கறியேடா" என்று அம்மா கேட்டாள். இன்று குமிழி நேற்றையதைவிடப் பெரிசா? சிக்னலில் நிற்கும்போதுகூட மனசு அங்கேதான் இருக்கும்.

போன வருடம் துருவுக்கு மேல் கறுப்பாக வேறொன்று சேர ஆரம்பித்தது. மிளகைப் பொடித்த மாதிரி. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது, 2025-இல் ஏறக்குறைய எல்லா பெட்ரோல் பங்கிலும் அதுதான். பழைய ரப்பருக்கு அது ஆகாது. ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் பிளேடால் கீறிப் பார்த்தேன். வெளியே புதுசு மாதிரி, உள்ளே விரல் வைத்தால் மை மாதிரி ஒட்டியது. இத்தனைக்கும் "எத்தனாலுக்கு ஒண்ணும் ஆகாது" என்று கடையில் சத்தியம் செய்து கொடுத்த ஹோஸ், மேலே ஒரு எழுத்துகூட இல்லாமல். இப்போது எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று பெட்ரோல் ஹோஸுக்கான தரக்குறியீடு அச்சிட்டதைத்தான் வாங்கினேன். விலை மூன்று மடங்கு. வயிறு எரிந்தது, ஆனால் வாங்கினேன்.

நியாயமாகப் பார்த்தால் ஹோஸ் கெட்டதைக் காட்டிக்கொடுத்ததே அந்த ஃபில்டர்தான். இரும்பு டப்பா ஃபில்டராக இருந்திருந்தால் கார்புரேட்டரின் ஜெட், அதாவது பெட்ரோல் போகும் நுண்துளை, அடைத்த பிறகுதான் தெரிந்திருக்கும். இருந்தாலும் ஹோஸ் மாற்றிய அன்றே அதைக் கழற்றிவிட்டு இரும்பு டப்பாவே போட்டுவிட்டேன். பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது, சூட்டில் விரிசல் விட்டால் தீப்பிடிக்கும் என்று வீட்டில் காரணம் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் உண்மையான காரணம், எனக்கு அந்தக் குமிழியைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன், நிம்மதியாகத் தூங்குகிறேன்.

ஆகவே நண்பரிடம் "வாங்காதே" என்றேன். நேற்று காலை ஆறே முக்காலுக்கு அவரிடமிருந்து ஒரு போட்டோ. அம்பாசிடர் இஞ்சின், புத்தம்புது பிளாஸ்டிக் ஃபில்டர். கீழே ஒரு வரி: "பாதிதான் நிக்குது. பரவாயில்லையா?"

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அதுவரை எதையும் கழற்றாதே என்று பதில் போட்டிருக்கிறேன். போட்டோவை நாலைந்து தடவை பெரிசாக்கிப் பார்த்தேன். பாதிகூட இல்லை, கொஞ்சம் கம்மிதான்.