ஆலிஸ் கோல்ட்ரேனோட 'ஜர்னி இன் சச்சிதானந்தா' எல்பி: தம்புரா கேட்டு வளர்ந்தவங்க ஜாஸை இங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்

ஜாஸ் கேக்கணும் எதுலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு யாரு கேட்டாலும் மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ'ன்னு தான் எல்லாரும் சொல்லுவாங்க, 1959ல வந்தது, எனக்கும் உசுரு அது. ஆனா கோயில் நாதஸ்வரமும் கச்சேரியும் கேட்டு வளர்ந்த நம்ம ஊரு ஆளுக்கு முதல்ல போட்டுக் காட்ட வேண்டியது வேறன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம். அது ஹார்ப்பும் பியானோவும் வாசிச்ச அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனோட 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. இம்பல்ஸ் லேபிள்ல 1971ல வந்த ஆல்பம், இப்ப மறுபடி அச்சு போட்ட எல்பி, அதான் பெரிய இசைத்தட்டு, கிடைக்குது, அதை வாங்கி பாண்டில எங்க செட்டோட நல்லா கேட்டாச்சு, அதான் எழுதறேன்.

முதல் டிராக்கே தம்புரால தான் நிக்குது. அதுக்கு மேல செசில் மெக்பீ டபுள் பேஸ்ல (ஆள் உயரத்துக்கு வயலின் மாதிரி இருக்குமே, அடிக்குரல் வாத்தியம்) ஒரு சின்ன வரியை புடிக்கிறாரு, புடிச்சவரு விடவே மாட்டாரு, அதே வரி திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கு, அப்புறம் ஆலிஸோட ஹார்ப், நம்ம யாழ் மாதிரி நிறைய தந்தி வெச்ச வாத்தியம், மேலேர்ந்து கொட்டுது பாருங்க, அருவில நிக்கற மாதிரி இருக்கும். வேகமா கார்ட் (சேர்ந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டம்) மாறிக்கிட்டே போற ஜாஸ்ல நம்ம காது எதைப் புடிச்சுக்கறதுன்னு தெரியாம முழிக்கும். கைண்ட் ஆஃப் ப்ளூல கார்ட் அவ்வளவா மாறாது தான், ஆனா ஸ்ருதியை நாமளே மனசுல புடிச்சு வெச்சுக்கணும், இங்க அது கூடவே ஓடிக்கிட்டு இருக்கு. ஆதார ஸ்ருதி கிடைச்சுட்டா மேல எவ்வளவு ஃப்ரீயா வாசிச்சாலும் நமக்கு பயமே இல்ல.

எங்க செட்டுல கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து பஸ் புடிச்சு வர்ற அண்ணன் ஒருத்தர் இருக்காரு, வீட்டுலயே நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவரு. ஆலிஸோட புருஷன், சாக்ஸ் வாசிச்ச ஜான் கோல்ட்ரேனோட 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்', அந்த வேகமா கார்ட் மாறற ரகம், போட்டப்போ மரியாதைக்கு உக்காந்து கேட்டாரு, அவ்வளவு தான். இந்த எல்பில பரோவா சாண்டர்ஸ் சோப்ரானோ சாக்ஸ் எடுத்ததும் நிமிர்ந்து உக்காந்துட்டாரு, "யாருப்பா இவரு, மூச்சை எங்க வெச்சிருக்காரு, அந்த இடத்தை இன்னொரு தடவை போடு"ன்னாரு. அதுலேர்ந்து வரும்போதெல்லாம் இதைத் தான் கேக்கறாரு.

இன்னொரு விஷயம், பேருல இருக்கற சச்சிதானந்தா ஒரு யோகா சுவாமி, நம்ம தமிழ்நாட்டுக்காரர், கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல 1914ல பொறந்தவரு, 1969ல அமெரிக்காவுல நடந்த உட்ஸ்டாக் இசை விழாவோட ஆரம்பத்துல மேடையேறிப் பேசினவரு. ஜான் கோல்ட்ரேன் 1967ல இறந்தப்புறம் நாலு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு ஒடைஞ்சு போயிருந்த ஆலிஸுக்கு இவரு குருவா வந்தாரு. 1970 நவம்பர்ல லாங் ஐலண்ட்ல டிக்ஸ் ஹில்ஸ்ல அவங்க வீட்டு ஸ்டுடியோலயே இதைப் பதிவு பண்ணியிருக்காங்க, சுவாமியோட இந்தியாவுக்கு கிளம்பினதே அதுக்கப்புறம் டிசம்பர்ல தான். இது தெரிஞ்சுக்கிட்டு 'ஸ்டாப்ஓவர் பாம்பே' கேளுங்க, மூணு நிமிஷம் கூட இல்லாத டிராக், ஊருக்குக் கிளம்பற சந்தோஷம் அதுல அப்படியே இருக்கு. 'சம்திங் அபௌட் ஜான் கோல்ட்ரேன்'ல ஹார்ப்பை வெச்சுட்டு பியானோவுக்கு வந்துடறாங்க, புருஷனைப் பத்தி இவ்வளவு நிதானமா ஒருத்தர் வாசிக்க முடியுமான்னு எனக்கு இன்னும் ஆச்சரியம்.

கடைசி டிராக் 'ஐசிஸ் அண்ட் ஒசைரிஸ்' மட்டும் வேற. அது 1970 ஜூலைலயே நியூயார்க்ல வில்லேஜ் கேட்ங்கற கிளப்ல கச்சேரில நேரடியா பதிவு பண்ணது, பேஸ் சார்லி ஹேடன், கூட ஊத்ங்கற அரபு தந்தி வாத்தியம், சத்தமே வேற மாதிரி. வாசிப்பு பிரமாதம், ஆனா முதல் தடவை கேக்கறவங்களுக்கு பன்னெண்டு நிமிஷம் கொஞ்சம் நீளம், பி சைடை இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம்.

எல்பி பத்தி சொல்லணும்னா அட்டை விரிச்சுப் பாக்கற மாதிரி கனமா இருக்கு, முதுகுல இம்பல்ஸோட ஆரஞ்சு கறுப்பு பட்டை அப்படியே வந்திருக்கு, பேஸ் நல்லா உருண்டையா இறங்குது. தம்புரா மட்டும் ஓடற இடத்துல லேசா சரசரப்பு கேக்குது, துடைச்சும் முழுசா போகல. ஆன்லைன்ல ஆர்டர் பண்ணதுல முதல்ல வந்த காப்பி வெயில்ல கிடந்து வளைஞ்சு போயிருந்துச்சு, ரிட்டர்ன் எடுத்துக்கிட்டு வேற அனுப்பினாங்க, அதனால சித்திரை வெயில்ல ஆர்டர் போடாதீங்க. பீச் ரோடு, குருசுக்குப்பம் பக்கம் வீடுன்னா உப்புக் காத்துல அட்டை சீக்கிரம் பூத்துடும், பிளாஸ்டிக் உறை போட்டு நிக்க வெச்சே அடுக்குங்க. விலை கம்மி இல்ல, பிளேயர் இல்லாதவங்க போன்ல கேளுங்க, ஆனா நல்ல ஹெட்ஃபோன் வேணும், போன் ஸ்பீக்கர்ல அந்த பேஸ் வரியே கேக்காது, அது கேக்கலேன்னா இந்த ஆல்பமே இல்ல.

இது புடிச்சுடுச்சுன்னா அடுத்தது 'கின்ஸ்மென்', 2008, ருத்ரேஷ் மகந்தப்பாவும் நம்ம கத்ரி கோபால்நாத்தும் ரெண்டு சாக்ஸ், கூட கன்யாகுமரி அம்மா வயலின். அதுக்கப்புறம் பியானோ வாசிக்கற விஜய் ஐயரோட 'தீர்த்தா', 2011, பிரசன்னா கிட்டார். ஆலிஸோட 1970 ஆல்பம் 'டா, தி எல் தாவூத்' (Ptah, the El Daoud) எல்பியா எங்க செட்டுல யாருகிட்டயும் இல்ல, அதுல பரோவா சாண்டர்ஸும் ஜோ ஹெண்டர்சனும் ரெண்டு பேருமே டெனர் சாக்ஸ் வாசிக்கறாங்க, பாண்டிலயோ கடலூர்லயோ யாராவது வெச்சிருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கொண்டு வாங்க, நம்ம பிளேயர்ல போட்டுக் கேக்கலாம்.