இஞ்சேரா: வாஷிங்டனிலேயே சுடுவதா, அடிஸ் அபாபாவிலிருந்து இறக்குவதா?

இஞ்சேரா என்பது எத்தியோப்பியரின் புளித்த மாவு அப்பம். வாஷிங்டனில் எத்தியோப்பிய உணவகம் நடத்துபவர் அங்கேயே சுட்டால், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் விளையும் டெஃப் (எத்தியோப்பியச் சிறுதானியம்) மாவு போதும். பழைய மாவில் தெளியும் மஞ்சள் நீரான எர்ஷோவை ஊற்றி இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, கொஞ்சத்தைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியதும் கலக்க வேண்டும் (ஆப்பத்துக்குக் கஞ்சி காய்ச்சுபவர்களுக்குப் புரியும்). இதில் சோம்பினால் இஞ்சேராவின் மேல் 'கண்' (சின்னச் சின்னக் குழிகள்) விழாது.

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் சுட்டு விமானத்தில் வருவது விலை கூடும். சூட்டோடு பொதிந்தால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

ஆனால் எத்தியோப்பியாவுக்குக் காசு சேர்வது இதில்தான். டெஃபைத் தானியமாக ஏற்றுமதி செய்ய 2006-இல் தடை வந்தது. சுட்ட இஞ்சேராவுக்கு இல்லை. அதனால் மாவு கரைப்பவர், சுடுபவர், அடுக்குபவர் கூலியெல்லாம் அடிஸிலேயே தங்குகிறது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய எத்தியோப்பியரும் 'மஞ்சள் அட்டை' (எத்தியோப்பிய வம்சாவளியினருக்கு அந்நாடு தரும் அடையாள அட்டை) இருந்தால் உள்நாட்டவர்போல் அங்கே அடுப்பு போடலாம். ஒற்றைக் கடைக்கு இது கட்டாது. நாலைந்து கடைக்கு மொத்தமாக அனுப்புபவர் யோசிக்கலாம்.