எலாஸ்டிக் இல்லாத உள்ளாடை: மூன்று லங்கோடும் ஒரு மீட்டர் காடாத் துணியும்

போன கோடையில் இடுப்பில் எலாஸ்டிக் பட்ட இடமெல்லாம் சிவந்து தடித்துப்போய், ராத்திரி முழுக்கச் சொறிந்தே தூக்கம் கெட்டது. அதன் பிறகுதான் எலாஸ்டிக்கே இல்லாத உள்ளாடை கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தேன். ஆன்லைனில் 'யோகா லங்கோட்' என்று மூன்று 420 ரூபாய்க்கு விற்றார்கள். வாங்கி, இரண்டு மாதம் கட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

துணி நல்ல பருத்தி, அதில் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மடிப்பாகத் தைத்த முக்கோணம், மேல் மூலைகளில் நாடா, கீழே நீளமாக ஒரு வால். நாடாவை இடுப்பைச் சுற்றிக் கட்டி, வாலைக் காலிடுக்கு வழியாக முன்னால் எடுத்து, முடிச்சுக்கு அடியில் நுழைத்து, மறுபடி பின்னால் இழுத்துச் செருக வேண்டும். தண்டால், பஸ்கி எடுக்கும்போது அப்படியே பிடித்து நிற்கிறது, குஸ்திக்காரர்கள் இதை ஏன் விடவில்லை என்பது ஒரே நாளில் புரிந்துவிடும். ஆனால் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வேலை பார்க்க முடியவில்லை. தையல் விளிம்பு தொடையில் உராய்கிறது, நாடா வழவழப்பான செயற்கை நூல் என்பதால் மத்தியானத்துக்குள் முடிச்சு தளர்ந்துவிடுகிறது.

இன்னொரு வருத்தம், விற்பவர் எழுதியிருந்த நீளமான குறிப்பில் கோவணம் என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. லங்கோடு தைத்தது, கோவணம் தைக்காத துணி, இரண்டும் வேறு என்றாவது ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

சரி, தாத்தா கட்டியதையே கட்டிப் பார்ப்போம் என்று ஜவுளிக் கடைக்குப் போய் ஒரு மீட்டர் காடாத் துணி கேட்டேன். எதற்கு என்றார் கடைக்காரர். சொன்னதும் சிரிக்கவில்லை. எட்டு அங்குலம் அளந்து, கத்தரியால் ஓரத்தில் ஒரு வெட்டு போட்டு, இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பில் சர்ரென்று கிழித்தார். இப்படி அகலவாக்கில் கிழித்தால் நூல் பிசகாமல் நேராக வரும், இரண்டு முனையிலும் கரை அமைந்துவிடும். நீளவாக்கில் மட்டும் கொஞ்சம் நூல் பிரியும், அதுவும் இரண்டு துவைப்பில் நின்றுவிட்டது. நான்கு கோவணம், மொத்தம் 80 ரூபாய்.

அந்தச் சத்தம் கேட்டபோது கீள் என்ற சொல் ஞாபகம் வந்தது. தேவாரத்தில் சிவனைப் பாடும் இடங்களில் கீளும் கோவணமும் சேர்ந்தே வரும். கீளுதல் என்றால் கிழித்தல், அப்படிக் கிழித்த துணியை இடுப்பில் கட்டினால் அது கீள். கோவணத்தைச் செருகிக்கொள்ள அதுதான் பிடிப்பு. இன்றைக்கு அந்த வேலையைச் செய்வது அரைஞாண் கயிறு, அரை என்றால் இடுப்பு, ஞாண் என்றால் கயிறு, ஊரில் அரணாக்கயிறு என்போம். கோவணம் என்ற சொல்லுக்கு உறவு வடமொழிக் கௌபீனம். அது கூபம், அதாவது கிணறு என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது பழைய இலக்கணக்காரர்கள் சொல்லும் விளக்கம். கிணற்றில் தள்ளி மறைக்கத் தக்கது என்ற பொருளில், மறைக்க வேண்டிய உறுப்புக்கு முதலில் பெயராக இருந்து, அப்புறம் மறைக்கும் துணிக்கே பெயராகிவிட்டது. நம் பேச்சில் கோமணம்.

கட்டுவது எளிது. ஒரு முனையை முன்பக்கம் கயிற்றில் மடித்துப் போட்டு, மறுமுனையைக் காலிடுக்கு வழியாகக் கொண்டுபோய்ப் பின்பக்கக் கயிற்றில் செருகினால் முடிந்தது. உராய்வு இல்லை, இறுக்கத்தை நாமே வைத்துக்கொள்ளலாம், மாடிக் கொடியில் போட்டால் வெயிலில் அரை மணியில் காய்ந்துவிடுகிறது. பெரியபுராணத்தில், சிவனடியார் அமர்நீதி நாயனாரிடம் பிரம்மச்சாரி வேடத்தில் வந்த சிவன் தன் கைத்தண்டில் இரண்டு கோவணம் கட்டிக்கொண்டு வந்ததாகச் சேக்கிழார் சொல்வார், ஈரமானால் மாற்றிக் கட்ட அதில் காய்ந்த ஒன்றைக் கொடுத்து வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். நடைமுறையில் எனக்கும் இரண்டே போதுகிறது.

பேன்டுக்குள் கட்டினால் பின்னால் செருகிய முனை கொஞ்சம் புடைத்துத் தெரியும், வேட்டிக்குள் தெரியாது. வண்டி ஓட்டும் நாளில் லங்கோடு, வீட்டில் கோவணம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். லங்கோட்டின் நாடாவைப் பிரித்துவிட்டுப் பருத்தி நாடா தைக்கக் கொடுத்திருக்கிறேன். இடுப்பில் தடிப்பு மூன்றாவது வாரமே போய்விட்டது.