வயலுக்கு இரண்டாம் முறை வருபவர்: வேளாண் விரிவாக்கச் சேவை குறித்து ஒரு பயனாளியின் மதிப்பீடு

புதிய வேளாண் முறைகளைப் பணியாளர்கள் வழியே உழவரிடம் கொண்டுசேர்க்கும் வேளாண் விரிவாக்கச் சேவையைச் சில பருவங்களாகத் தொடர்ந்து பயன்படுத்திவரும் குடும்பம் எங்களுடையது. மண் பரிசோதனை, செயல்விளக்கத் திடல், வயல்வெளிப் பள்ளி, பெண்களுக்கான பயிற்சி, இளையோர் மன்றம் என இச்சேவையின் பெரும்பாலான பிரிவுகளை வீட்டில் ஆளுக்கொன்றாகப் பார்த்திருக்கிறோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணியாளர் ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போகும்போது இச்சேவையால் கிடைப்பது குறைவு. சொன்னது வயலில் என்னவாயிற்று என்று பார்க்க அவர் மீண்டும் வரும்போது, இதற்கு ஈடாக உழவருக்குக் கிடைக்கக்கூடிய உதவி வேறெதையும் நான் அறியேன்.

மண் பரிசோதனையில் மாதிரி எடுக்கக் கற்றுத்தந்த விதம் மிக நன்றாக இருந்தது. வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலின் பல இடங்களில் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டைக் கழித்துக்கொண்டே வந்து அரைக் கிலோவில் நிறுத்துவதை எங்கள் கைகளாலேயே செய்யவைத்தார்கள். ஆனால் முடிவு அட்டை, விதைத்து அடியுரம் இட்ட பிறகுதான் வந்துசேர்ந்தது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) போதிய அளவில் இருப்பதாக அட்டை சொன்ன நிலத்தில் அதற்குள் மணிச்சத்து உரத்தை இட்டு முடித்திருந்தோம். அட்டையில் இருந்த எண்களுக்கு என்ன பொருள் என்று அதைக் கொடுத்தவர் விளக்கவும் இல்லை. இது சிறு குறையன்று. காலம் தவறிய பரிந்துரையால் அந்தப் பருவத்தில் எங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

அடுத்த பருவத்தில் வேறொரு பணியாளர் அதே அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவைச் சந்தேகிக்க வேண்டும் என்றும், இளந்தளிர்களில் நரம்புகள் பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம் என்றும் செடியைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை மிகுந்தால் வேர் அதை எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது என்று விளக்கியபோதுதான், அட்டையில் இருந்த கார அமில நிலை எண்ணுக்கும் எங்கள் பயிரின் வெளுப்புக்கும் உள்ள தொடர்பு புரிந்தது. அதுவரை வெளுத்த பயிரைக் கண்டபோதெல்லாம் தழைச்சத்து உரத்தையே அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு நாள் கழித்து, அவர் சொன்னபடி இலைகளில் தெளித்த இரும்புச்சத்துக் கரைசலுக்குப் பிறகு தளிர் எப்படி இருக்கிறது என்று பார்க்க அவரே வந்தார்.

உழவரின் சொந்த நிலத்திலேயே செய்து காட்டும் முறை இச்சேவையின் அடித்தளம். 1903ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள டெரல் என்ற ஊரில், சீமன் நாப் என்பவரின் யோசனைப்படி ஓர் உழவர் தம் நிலத்தில் புதிய முறைகளைச் செய்து பார்த்தார். நட்டம் ஏற்பட்டால் ஈடுகட்ட ஊரார் நிதி திரட்டி வைத்திருந்தனர். நட்ட அச்சத்தை உழவரின் தலையிலிருந்து இறக்கிவைத்த அந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். இன்றைய செயல்விளக்கங்களில் விதையும் உரமும் கிடைக்கின்றன, விளைச்சல் குறைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைப்பதில்லை. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வழியே விரிவாக்கப் பணியை நிலைநிறுத்தியது.

மீண்டும் வருவது மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 1970களில் உலக வங்கியின் ஆதரவுடன் பல நாடுகளில் பரவிய ‘பயிற்சியும் வயல் வருகையும்’ என்ற முறையில், பணியாளர் பொதுவாகப் பதினைந்து நாளுக்கொரு முறை தொடர்பு உழவர்களை, அதாவது செய்தியை மற்ற உழவர்களுக்குச் சொல்லத் தெரிந்தெடுத்தவர்களை, சந்தித்தார். வருகை ஒழுங்காக இருந்தாலும், மேலிருந்து வந்த ஒரே செய்தியைப் பலவகை நிலங்களுக்கும் கொண்டுபோனது அதன் பெருங்குறையாகச் சுட்டப்பட்டது. பணியாளர் கேள்வியோடு வர வேண்டும். விடையை மட்டும் சுமந்து வருபவரிடம் உழவர் தம் வயலின் சிக்கலைத் திறந்து சொல்ல மாட்டார்.

வயல்வெளிப் பள்ளியில் இக்குறை இல்லை என்பதே என் அனுபவம். இந்தோனேசியாவில் நெற்பயிரைப் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி தாக்கியபோது, அதை உண்ணும் சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்களைப் பூச்சிக்கொல்லிகள் அழித்ததால் தாக்குதல் மேலும் பெருகியது. 1986இல் அந்நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது, 1989இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையுடன் அங்கே வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. நான் கலந்துகொண்ட பள்ளியிலும் ஏறத்தாழ இருபத்தைந்து பேர், வாரம் ஒரு காலை, பருவம் முடியும்வரை கூடினோம். சிறு குழுக்களாக வயலில் இறங்கி, தீமை செய்பவை எத்தனை, அவற்றைத் தின்பவை எத்தனை என்று எண்ணி, பெரிய தாளில் செடியை வரைந்து அதைச் சுற்றிப் பூச்சிகளை வரைந்து, மருந்து தெளிக்க வேண்டுமா என்று வாதிட்டோம். நடத்தியவர் தீர்ப்புச் சொல்லவில்லை. தெளிக்காமல் விட்ட பாத்தியை அடுத்த வாரம் வந்து பார்க்கச் சொன்னார். அந்தப் பாத்தியில் நான் கற்றதை எந்தக் கையேடும் எனக்குக் கற்றுத்தந்திருக்காது.

பெண்களுக்கான பகுதியில் எனக்கு மனநிறைவில்லை. நிலத்தின் உரிமை ஆணின் பெயரில் இருந்தால் அழைப்பும் அவருக்கே வருகிறது. எங்கள் வீட்டில் விதையைத் தெரிந்தெடுத்துக் காயவைத்துச் சேமிப்பவர் என் மனைவி. விதை நேர்த்திச் செயல்விளக்கத்துக்கோ என்னை அழைத்தார்கள். அவருக்குக் கிடைத்தது உணவுப் பதப்படுத்தலில் ஒருநாள் பயிற்சி. அதுவும் பால் கறக்கும் நேரத்தோடு மோதியதால் பாதியில் திரும்பினார். பயிற்சி நேரத்தை அவரிடமே கேட்டு முடிவு செய்திருக்கலாம்.

இளையோர் மன்றத்தை மனமாரப் பாராட்டுகிறேன். 1902இல் ஒஹாயோ மாநிலத்தில் ஏ. பி. கிரகாம் என்ற பள்ளி நிர்வாகி சிறுவர் சிறுமியரைச் சேர்த்துத் தொடங்கிய மன்றத்தையும், 1910இல் தென் கரோலினாவில் ஆசிரியை மேரி குரோமர் சிறுமியருக்குப் பத்தில் ஒரு பங்கு ஏக்கர் தக்காளித் தோட்டம் என்று வகுத்த மன்றத்தையும் போல, என் மகள் சேர்ந்த மன்றமும் பிள்ளைகளுக்கென்று ஒரு துண்டு நிலத்தையும் ஒரு கணக்கேட்டையும் கொடுத்தது. விதைச் செலவு, நீர் பாய்ச்சிய நாள், விற்ற வரவு எல்லாவற்றையும் அவள் எழுதினாள். விளைச்சலைவிட அந்தக் கணக்கேடுதான் அவளை மாற்றியது; என் சாகுபடிச் செலவைப் பற்றி இப்போது கேள்வி கேட்கிறாள். பொறுப்பாளர் பணிமாற்றம் பெற்றுப் போனதும் மன்றக் கூட்டங்கள் நின்றன என்பதுதான் வருத்தம்.

இச்சேவையை நாட எண்ணுவோர் மண் மாதிரியை விதைப்புக்கு ஓரிரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்; பணியாளர் கிளம்பும்முன் அடுத்து என்று வருவார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; பரிந்துரையையும் விளைவையும் வயல்வாரியாக எழுதி வையுங்கள். பணியாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்தவரிடம் என் மகள் தன் கணக்கேட்டை நீட்டினாள். அவர் நின்றபடியே நான்கு பக்கங்களைப் படித்துவிட்டு, வெளுத்த பயிர் இருந்த பாத்தி எது என்று கேட்டு, அதை நோக்கி நடந்தார்.