ஸ்க்ளீரல் லென்ஸ்: கோலாலம்பூரிலும் பினாங்கிலும் எந்த வேலைக்குக் காசு கொடுக்கிறோம்?

கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்தும் நோய்) முற்றிய கண், கருவிழி மாற்று அறுவை ஆன கண், சொட்டு மருந்துக்கும் அடங்காமல் வறண்டு எரியும் கண். இந்த மூன்றுக்கும் ஸ்க்ளீரல் லென்ஸ் என்ற பெரிய, விறைப்பான கான்டாக்ட் லென்ஸ் நல்ல பொருள், அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நாம் எடைபோட வேண்டியது அதைப் பொருத்திக் கொடுக்கும் சேவையை. அளவு தவறினால் விலை உயர்ந்த லென்ஸும் டப்பாவிலேயே கிடக்கும்.

கருவிழியின் குறுக்களவு ஏறக்குறைய 11.5 முதல் 12 மில்லிமீட்டர். லென்ஸ் பெரும்பாலும் 15 முதல் 18 மில்லிமீட்டர். அது கருவிழியைத் தொடாமல் வளைந்து தாண்டி, வெள்ளை விழியின் மேல் உட்காரும். நடுவில் உப்புநீர் நிற்கும். அந்த நீரின் ஆழம்தான் எல்லாம்.

முதல் சோதனை: அளவு பார்க்கும் டிரையல் லென்ஸ் போட்டபின் எவ்வளவு நேரம் உட்கார வைக்கிறார்கள்? பத்து நிமிடத்தில் ஆர்டர் எழுதினால் எழுந்து வந்துவிடுங்கள். வெள்ளை விழியை மூடிய சவ்வு மெத்தை மாதிரி. லென்ஸ் அதில் மெல்ல அமுங்கி, சில மணி நேரத்தில் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு இறங்கிவிடும். அதனால் போட்டவுடன் 300 முதல் 400 மைக்ரான் இடைவெளி இருந்தால்தான், அமர்ந்த பிறகு 200 முதல் 300 நிற்கும். குறைந்தது அரை மணி நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும். புது லென்ஸ் வந்தபின் நான்கு மணி நேரம் போட்டுக்கொண்டு வரச் சொல்லி மறுபடி பார்ப்பவர் வேலை தெரிந்தவர்.

கண்ணைக் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் ஓசிடி கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கைதேர்ந்தவருக்கு ஸ்லிட் லேம்ப் (ஒளிக்கீற்று பாய்ச்சிக் கண்ணைப் பார்க்கும் நுண்ணோக்கி) போதும். உப்புநீரில் ஃபுளோரசீன் சாயம் கலந்திருப்பதால், மெல்லிய ஒளிக்கீற்றில் லென்ஸ் ஒரு கருப்புப் பட்டையாகவும் நீர் பச்சைப் பட்டையாகவும் தெரியும். லென்ஸின் தடிமன் 300 மைக்ரான் என்றால், பச்சைப் பட்டை அதே அகலத்தில் இருக்கும்போது நீரின் ஆழமும் 300. கெரட்டோகோனஸ் கண்ணில் கருவிழி கூம்பாகத் துருத்தும் இடத்தில் இதைப் பார்க்க வேண்டும், நடுவில் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

பெரும்பாலான தொல்லை ஓரத்தில்தான் வருகிறது. வெள்ளை விழி உருண்டையாக இல்லை, மூக்குப் பக்கம் ஒரு மாதிரி, காதுப் பக்கம் வேறு மாதிரி. சுற்றிலும் ஒரே வளைவுள்ள லென்ஸ் ஒரு பக்கம் அழுத்தும், இன்னொரு பக்கம் தூக்கும். அழுத்துமிடத்தில் ரத்தக் குழாய்கள் வெளுத்துப்போகும், மாலையில் கழற்றினால் வட்டமாகத் தடம் தெரியும். தூக்கும் பக்கத்தில் காற்றுக்குமிழியும் அழுக்கும் நுழையும். மதியத்துக்குமேல் பார்வை பால் ஊற்றியது போல மங்குவதற்கு இந்த அழுக்கு ஒரு முக்கியக் காரணம். கழற்றிக் கழுவிப் புதிய உப்புநீர் நிரப்பினால் தெளியும், ஆனால் தினமும் இரண்டு முறை அப்படிச் செய்ய வேண்டியிருந்தால் ஓரத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். டோரிக் ஓரமுள்ள (திசைக்குத் திசை வளைவு மாறும்) டிரையல் செட் கையில் உண்டா என்று போன் செய்யும்போதே கேட்டுவிடலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் எழுத்து இரட்டையாகத் தெரிகிறதா? பவரை மாற்றுவதற்கு முன், லென்ஸ் கண்ணில் இருக்கும்போதே அதன் மேல் டோப்போகிராஃபி (மேற்பரப்பின் வளைவைக் காட்டும் படம்) எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் சமமின்மை தெரிந்தால் லென்ஸ் வளைகிறது. அதற்கு மருந்து பெரும்பாலும் டோரிக் ஓரமோ கூடுதல் தடிமனோதான்.

போடவும் கழற்றவும் கற்றுத்தருவதில் பல இடங்கள் அவசரப்படுகின்றன. பெரிய பிளஞ்சரில் (லென்ஸைப் பிடிக்கும் ரப்பர் உறிஞ்சி) லென்ஸை வைத்து, உப்புநீரை விளிம்புக்குமேல் ததும்ப நிரப்பி, முகம் தரையைப் பார்க்குமாறு குனிய வேண்டும். நீர் வழிந்து முகத்தில் சொட்டினால்தான் சரியாக நிரப்பியிருக்கிறீர்கள். கழற்றும்போது சின்ன பிளஞ்சரை ஓரத்தருகில் ஒட்டிச் சாய்த்து எடுக்க வேண்டும். நடுவில் ஒட்டி இழுத்தால் உறிஞ்சல் விடாது, மாற்றுக் கருவிழிக்கு ஆபத்து. உங்கள் கையாலேயே மூன்று தடவை செய்ய வைக்காமல் லென்ஸைக் கொடுத்து அனுப்பும் இடத்துக்கு எங்களிடம் மதிப்பெண் இல்லை.

நிரப்ப வேண்டியது, கெடாமல் காக்கும் ரசாயனம் சேர்க்காத 0.9 விழுக்காடு உப்புநீர், ஒருமுறை திறந்து எறியும் சிறு குப்பியில். ஃபார்மசியில் மலிவாகக் கிடைக்கும் 500 மில்லி போத்தலைத் திறந்து வைத்து வாரக்கணக்கில் ஊற்றக்கூடாது. குழாய்த் தண்ணீர் லென்ஸிலோ டப்பாவிலோ படவே கூடாது, அகந்தமீபா என்ற கிருமி கருவிழியைக் கெடுத்துவிடும். தைப்பூசத்தில் பத்துமலை ஆற்றிலோ பினாங்குத் தண்ணீர்மலையிலோ குளிப்பவர்கள் லென்ஸைக் கழற்றிவிட்டே இறங்க வேண்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த விரல் பட்டால் லென்ஸில் ஈரம் ஒட்டாமல் திட்டுத் திட்டாக மங்கும். கண்மையை லென்ஸ் போட்ட பிறகு, இமைக்கு வெளிப்புறம் மட்டும் தீட்டுங்கள்.

1991 ஒப்டிக்கல் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற ஒப்டோமெட்ரிஸ்ட்தானா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். விலையை ரிங்கிட்டில் பிரித்து எழுதி வாங்குங்கள்: பொருத்தும் கட்டணம் எவ்வளவு, லென்ஸ் எவ்வளவு, எத்தனை முறை மாற்றித் தருவார்கள், எத்தனை நாளுக்குள். முதல் லென்ஸே கச்சிதமாக அமைவது அரிது. மாற்றித் தருவது கட்டணத்தில் சேராத மலிவு விலை கடைசியில் கூடுதலாகவே முடியும்.

லென்ஸ் கைக்கு வந்தபின் ஒரு அறிகுறியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மாலையில் தெருவிளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால், ஆக்சிஜன் போதாமல் கருவிழி வீங்குகிறது என்று பொருள். அறுவை ஆன கண்ணில் இது சீக்கிரம் வரும். அப்போதே கழற்றிவிட்டு, மறுநாள் பொருத்தியவரிடம் போங்கள்.