1,960 பவுண்ஸ் போச்சு: மோட்டார்ஹோமுக்கு முகவரிடம் ஃபெரி டிக்கெட் எடுக்க முன் இதை வாசியுங்கள்

இன்று காலை அந்த முகவர் வாட்ஸ்அப்பில் என் இலக்கத்தைத் தடைசெய்துவிட்டார். இவ்வளவு நாளும் "பொறுங்கோ அண்ணை, பொறுங்கோ அண்ணை" என்று இழுத்தடித்தவர். இனிப் பொறுக்க ஒன்றுமில்லை, எழுதுகிறேன்.

போன காசு 1,960 பவுண்ஸ். கடையின் பெயரை இங்கே போடவில்லை. வழக்குக்குப் போக இருப்பதால் வேண்டாம் என்று மகள் சொல்கிறாள். லண்டனில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில், விமான டிக்கெட்டும் ஊருக்குக் காசு அனுப்புதலும் ஒன்றாகச் செய்யும் பயண முகவர் நிலையம். அவ்வளவுதான் சொல்லலாம். என்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன், தயவுசெய்து அதுவரை வாசியுங்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் மனைவியும் மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையல் வசதி உள்ள வாகனம்) ஸ்பெயின், போர்த்துக்கல் என்று ஒரு நீண்ட பயணம் போக நினைத்திருந்தோம். போர்ட்ஸ்மத்தில் ஃபெரிக் கப்பலில் ஏறினால் ஒரு நாளுக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் ஸ்பெயினின் சான்டாண்டரில் இறங்கலாம். பிரான்ஸ் முழுவதையும் ஓட்டிக் கடக்கத் தேவையில்லை. மனைவிக்கு முழங்கால் நோ, நீண்ட நேரம் முன் இருக்கையில் இருக்க முடியாது. ஃபெரியைத் தேர்ந்ததே அதற்காகத்தான்.

மற்ற ஆயத்தம் எல்லாம் நாங்களே செய்தோம். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரித்தானியப் பாஸ்போர்ட்காரர் ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் நிற்க முடியாது. அதற்குள் அடங்கத் திகதி போட்டோம். பாஸ்போர்ட் எடுத்துப் பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது, திரும்பி வரும் நாளிலிருந்து மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பார்த்தோம். டயர்களின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் பார்த்தோம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்த டயர். தேய்மானம் இல்லாவிட்டாலும் நிறுத்தியே வைத்திருக்கும் வாகனத்தில் டயர் வெடித்துப் பிளக்கும், நாங்கள் நான்கையும் மாற்றினோம். வலப்பக்கம் ஓட்டும்போது முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காமல் இருக்க ஒரு ஸ்டிக்கர், வாகனம் எந்த நாட்டுடையது என்று காட்ட 2021 செப்டம்பரிலிருந்து ஜிபிக்குப் பதிலாகக் கட்டாயமான யூகே ஸ்டிக்கர், எல்லாம் ஒட்டினோம். வாகனத்தின் வருடாந்தப் பரிசோதனைச் சான்றான எம்ஓடி புதுப்பித்தோம். கேஸ் சிலிண்டரைப் புரொப்பேனாக மாற்றினோம். பியூட்டேன் பூச்சியம் பாகைக்குக் கிட்ட வந்தால் ஆவியாகாது, ஸ்பெயினின் உட்பகுதியில் கார்த்திகைக் குளிரில் சோறு வைக்க முடியாமல் போகும். இங்கத்தைய சிலிண்டரை அங்கே கொடுத்து மாற்றவும் ஏலாது, அதனால் நிரப்பக்கூடிய சிலிண்டரும் நாட்டுக்கு நாடு வேறுபடும் இணைப்பிகளும் வாங்கினோம்.

மனைவி அரிசி, பருப்பு, வறுத்த மிளகாய்த்தூள் எல்லாம் டப்பாக்களில் அடைத்தார். நெய்யையும் பால்மாவையும் வீட்டிலேயே வைத்துவிட்டார். பிரித்தானியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு போக முடியாது. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் ஆகாது, காயவைத்துத்தான் எடுத்துப் போனோம்.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த பயணத்தில், காசு கொடுத்து இன்னொருவரிடம் ஒப்படைத்த ஒரேயொரு வேலைதான் எங்களை நடுத்தெருவில் விட்டது.

அவரிடம் போனதற்குக் காரணம் இருந்தது. மோட்டார்ஹோமுக்கு ஃபெரி டிக்கெட் காருக்கு எடுப்பது போல இல்லை. நீளத்துக்கும் உயரத்துக்கும் விலை மாறும். பின்னால் சைக்கிள் தாங்கி இருந்தால் அதுவும் நீளத்தில் சேரும், கூரையில் பெட்டி இருந்தால் உயரத்தில் சேரும். எனக்குத் தெரிந்த ஒருவர் அவரிடம் முன்னர் விமான டிக்கெட் எடுத்து நல்லபடி போய் வந்தவர். வாகனத்தோடேயே கடைக்குப் போனோம்.

அந்த மனிதர் எழுந்து வந்த விதத்தை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. மேசை இழுப்பறையிலிருந்து இரும்பு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். "அண்ணை, நீங்கள் இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ, அளவு நான் எடுக்கிறன். கொஞ்சம் பிசகினாலும் துறைமுகத்தில காசு கேப்பாங்கள்." மழை தூறிக்கொண்டிருந்தது. சைக்கிள் தாங்கியின் விளிம்பில் நாடாவின் கொக்கியை மாட்டிவிட்டு, முன் பம்பர் வரை குனிந்து குனிந்து நடந்து, 7.35 என்று தன் கையின் பின்புறத்திலேயே பேனாவால் எழுதினார். உயரம் 2.95. பிறகு மனைவியைப் பார்த்து, "அக்கா, முழங்கால் நோ எண்டால் மேல்கட்டில் சரிவராது. கீழ்க்கட்டிலோட, லிஃப்டுக்குக் கிட்ட கேபின் போடுறன்" என்றார். நாங்கள் கேட்காமலே சொன்னார். நம்பாமல் என்ன செய்வது?

போக, வர இரண்டு பயணம், இரண்டுக்கும் கேபின், அதோடு ஐரோப்பா முழுவதற்குமான வாகன முறிவு உதவிக் காப்பு (வழியில் வாகனம் பழுதானால் உதவி வரும் காப்புறுதி). எல்லாம் சேர்த்து 1,960 பவுண்ஸ். அட்டையில் கட்டினால் மூன்று வீதம் கூட, வங்கிக்கு நேரே போட்டால் அது மிச்சம் என்றார். (பிரித்தானியாவில் 2018 ஜனவரி 13இலிருந்து சாதாரண வாடிக்கையாளரின் அட்டைக்கு இப்படி மேலதிகக் கட்டணம் வாங்குவது சட்டப்படி தடை. இதை எல்லோரும் தெரிந்து வையுங்கள்.) அன்றே காசு போனது. அன்று மாலையே முன்பதிவு எண்ணும் வந்தது. போலி எண் இல்லை. கப்பல் கம்பனியின் இணையத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் பெயர், வாகன இலக்கம், 7.35 மீற்றர், கேபின், எல்லாம் அச்சொட்டாக இருந்தது.

புறப்படும் நாள் போர்ட்ஸ்மத்தில் வரிசையில் நின்று எங்கள் முறை வந்தபோது, கூண்டிலிருந்த பெண் எண்ணை அடித்தார். மறுபடியும் அடித்தார். பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த முன்பதிவு ரத்துச் செய்யப்பட்டிருக்கிறது என்றார். ஒரு கிழமைக்குச் சற்று முன்பு, முன்பதிவு செய்த கணக்கிலிருந்தே ரத்தாகியிருக்கிறது. முழுக் காசும் திரும்பக் கிடைக்கும் வகை டிக்கெட். கட்டிய அட்டைக்கே காசு திரும்பிப் போய்விட்டது. அதாவது முகவரின் அட்டைக்கு.

விளங்குகிறதா? உண்மையான டிக்கெட்டை எடுத்து, எங்களுக்குக் காட்டி, நாங்கள் சரிபார்த்துத் திருப்திப்பட்ட பிறகு, எங்களுக்குத் தெரியாமல் ரத்துச் செய்து, எங்கள் காசைத் தன் பையில் போட்டிருக்கிறார். ரத்து அறிவிப்பு மின்னஞ்சலும் அவருக்குத்தான் போயிருக்கிறது. முன்பதிவில் இருந்தது அவருடைய மின்னஞ்சல்.

அந்தப் பெண் தன்னால் ஆனதைப் பார்த்தார். கப்பலில் உயரமான வாகனங்களை ஏற்றும் தளம் அன்று நிரம்பிவிட்டது, அடுத்த கப்பலிலும் இடமில்லை. ஒதுக்குப்புறமாக வாகனத்தை நிறுத்தச் சொல்லி, மனைவி உட்காரக் கதிரையும் கொண்டுவந்து தந்தார். காசு வாங்காத அந்நியர் அவர். காசு வாங்கியவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

சரி, டோவர் துறைமுகம் போய் பிரான்ஸின் கலே வழியாகப் போவோம் என்று முடிவெடுத்து, போகிற வழியில் முறிவு உதவிக் காப்புப் பத்திரத்தில் இருந்த எண்ணை அழைத்தேன். அப்படி ஒரு காப்பு இலக்கமே தங்களிடம் இல்லை என்றார்கள். பெரும்பாலான காப்புகளை நாட்டை விட்டுக் கடக்க முன்பே எடுக்க வேண்டும் என்பதால், டோவரில் கார் தரிப்பிடத்தில் நின்றபடி மகள் இணையத்தில் புதிதாக ஒன்று எடுத்துத் தந்தாள். வாகனத்தின் நிறை, நீள எல்லையை வாசித்து வாசித்துத்தான் எடுத்தாள். சில காப்புகள் 7 மீற்றருக்கு மேல் ஏற்காது.

கலேயிலிருந்து ஸ்பெயின் எல்லை ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல். எதைத் தவிர்க்க ஃபெரி எடுத்தோமோ அதையே மனைவி முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு அனுபவித்தார். பிரான்ஸின் சுங்கச்சாலையில் 2 மீற்றர் உயரத்துக்கு மேல் என்றாலே காரை விடக் கூடிய வகுப்பு. 3 மீற்றரைத் தொட்டால் இன்னும் கூட. அந்தச் செலவையும் டீசலையும் நான் 1,960இல் சேர்க்கவே இல்லை.

இனி அவர் சொன்ன சாட்டுகள். முதல் நாள்: "உப்பிடி நடக்காதே அண்ணை! கப்பல் கம்பனிதான் பிழை விட்டிருக்கு." கம்பனியைக் கேட்டேன், ரத்துச் செய்தது உங்கள் கணக்கு என்கிறார்கள் என்றேன். "அப்ப எங்கட பெடியன் ஆரோ மாறி அமத்தியிருப்பான், வெள்ளிக்கிழமை காசு போடுறன்." வெள்ளி வந்தது. "அட்டைக்கு இன்னும் வரேல்லை அண்ணை." காசு திரும்பிய திகதியைச் சொன்னேன். "கோயில்ல நிக்கிறன், பிறகு எடுக்கிறன்." பிறகு எடுக்கவில்லை. பிறகு ஒரு பெண் எடுத்து அவர் இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றார். அன்றே என் மருமகன் கடைக்குப் போனார். இந்தியாவுக்குப் போனவர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து இன்னொரு குடும்பத்துக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார்! மருமகனைக் கண்டதும் சொன்னாராம்: "அவை போய்ச் சேந்திட்டினம்தானே, பிறகென்ன பிரச்சினை?"

நாங்கள் எங்கள் காசில் போய்ச் சேர்ந்தோம். அவருக்குக் கொடுத்த 1,960 பவுண்ஸுக்கு ஒரு சக்கரம்கூடக் கப்பலில் ஏறவில்லை.

வங்கியும் கைவிரித்தது. ஏமாற்றப்பட்டு அனுப்பிய காசுக்கு 85,000 பவுண்ஸ் வரை வங்கி ஈடு செய்ய வேண்டும் என்று 2024 அக்டோபர் 7இலிருந்து விதி இருக்கிறது. ஆனால் கடை உண்மையில் இருக்கிறது, டிக்கெட்டும் உண்மையில் எடுக்கப்பட்டது, ஆகவே இது வணிகத் தகராறுதான் என்று கடிதம் போட்டிருக்கிறார்கள். வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதிக் குறைகேள் அலுவலகத்துக்கு எழுத இருக்கிறேன்.

கவனிக்க வேண்டியவை, கைநோக எழுதியதில் சுருக்கமாகவே சொல்கிறேன். டிக்கெட்டைக் கப்பல் கம்பனியிடமே, உங்கள் பெயரில் கணக்குத் திறந்து, உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து எடுங்கள். அளவுநாடாவை நீங்களே பிடியுங்கள், அதற்கு முகவர் தேவையில்லை. கிரெடிட் அட்டையில் நேரடியாகக் கட்டுங்கள். 100 பவுண்ஸுக்கு மேல் 30,000 வரையான பொருளுக்கோ சேவைக்கோ 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவில் அட்டை நிறுவனமும் பொறுப்பு. நடுவில் முகவர் இருந்தால் அந்தப் பாதுகாப்பு அறுந்துபோகலாம். ஏற்கெனவே முகவரிடம் எடுத்திருந்தால் ஒருமுறை பார்த்துவிட்டு விடாதீர்கள், புறப்படும் கிழமையில் கம்பனிக்கே அழைத்துக் கேளுங்கள். காப்பு விற்கிறவர், நிதி நிறுவனங்களை மேற்பார்வை செய்யும் எஃப்சிஏயின் பதிவேட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள், பத்திரம் வந்த அன்றே காப்பு நிறுவனத்தை அழைத்து இலக்கத்தைச் சரிபாருங்கள்.

14 நாள் அவகாசம் கொடுத்துக் கடைக்குப் பதிவுத் தபாலில் மகள் கடிதம் அனுப்பிவிட்டாள். அது முடிந்ததும் சிறு உரிமைக் கோரிக்கை வழக்கு, 10,000 பவுண்ஸ் வரை அங்கே போகலாம். லண்டனில் இதே மாதிரி ஃபெரி டிக்கெட் ரத்தாகிக் காசு வராமல் நிற்கிறவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். அதே கடைதானா என்று பார்த்து, எல்லோரும் சேர்ந்து முறையிடலாம்.